ஜெர்மன் ராணுவ பக்கிள் அசலா, போலியா? திருப்பிப் பார்த்தால் தெரியும்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் தரைப்படை பெல்ட் பக்கிள் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. எஃகுத் தகடு, சாம்பல்பச்சை பெயின்ட், நடுவில் ஸ்வஸ்திகாவைக் கால்களில் பற்றிய கழுகு, அதற்கு மேலே ‘கொட் மிட் உன்ஸ்’, அதாவது ‘கடவுள் நம்மோடு’ என்ற வாசகம். பின்னால் இருக்கும் சிறிய தோல் நாக்கில் 1941 என்று முத்திரை. விற்பவர் முன்பக்கத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். பின்பக்கத்துக்கு ஒரே ஒரு மங்கலான படம். அசலா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறீர்கள்.

அந்த மங்கலான படத்தில்தான் உங்களுக்கான பதில் இருக்கிறது. போலி செய்பவர்கள் தங்கள் திறமை முழுவதையும் முன்பக்கத்தில் கொட்டுகிறார்கள், ஏனென்றால் வாங்குபவர் பார்ப்பது அதைத்தான். கழுகும் எழுத்துகளும் இன்றைய கருவிகளுக்குப் பெரிய சவாலே இல்லை. பின்பக்கத்தில் இருக்கும், பெல்ட்டின் கொக்கி மாட்டும் தாங்கி, முட்கள், அவற்றைப் பற்றவைத்த விதம், தோல், நூல் ஆகியவற்றை எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு தொழிற்சாலையின் கைப்பழக்கத்தோடு செய்வது கடினம்; செலவும் அதிகம். ஆகவே பக்கிள் கையில் கிடைத்தவுடன் திருப்பிப் பாருங்கள். முன்பக்கத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் அது எப்படி வேலை செய்தது என்று புரிந்துகொள்ள வேண்டும். ஜெர்மன் சிப்பாயின் இடுப்பு பெல்ட் 45 மி.மீ. அகலமுள்ள தடித்த தோல். அதன் ஒரு முனையில் உலோகக் கொக்கி. மறுமுனையின் உட்புறத்தில் ஜோடி ஜோடியாகத் துளைகள் போட்ட ஒரு தோல் பட்டை தைக்கப்பட்டிருக்கும். பக்கிளின் பின்புறம் ஒரு ஓரத்தில் அசையும் குறுக்குக் கம்பியும் அதில் இரண்டு முட்களும் இருக்கும். இந்த முட்கள் துளைகளில் நுழைந்து இடுப்பின் சுற்றளவுக்கு ஏற்ப பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளும். எதிர் ஓரத்தில் இருக்கும் வளைவான தாங்கியில் பெல்ட்டின் கொக்கி மாட்டும். துப்பாக்கி ரவைப் பைகள், தண்ணீர்க் குடுவை, ரொட்டிப் பை, மண்வெட்டி என்று சிப்பாயின் சுமையில் பெரும்பகுதி அந்தப் பெல்ட்டில் தொங்கியது. எனவே தாங்கியும் முட்களும் உண்மையான பாரத்தைத் தாங்கும்படி செய்யப்பட்டவை. மெலிந்த கம்பி, லொடலொடவென்று ஆடும் தாங்கி, விரலால் அழுத்தினாலே வளையும் முள் ஆகியவற்றைக் கண்டால் அது சுமை தாங்கச் செய்த பொருள் இல்லை என்று முடிவு செய்துவிடலாம்.

இனி உங்கள் வகையான எஃகு பக்கிளை அருகில் வைத்துப் பார்ப்போம். நகைக்கடையில் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். பக்கிளின் உடல், அச்சுக்கு இடையில் ஒரே தகட்டை வைத்து அழுத்தி உருவாக்கப்பட்டது. அதனால் முன்னால் புடைத்திருக்கும் கழுகு பின்னால் குழிந்திருக்கும். கழுகு இருக்கும் வட்டத்தைச் சுற்றியுள்ள கயிறு போன்ற விளிம்பும் கீழேயுள்ள ஓக் இலைகளும் பின்புறத்தில் தலைகீழ் நிழலாகத் தெரியும். தாங்கி தனித் துண்டாகச் செய்யப்பட்டு உடலோடு பற்றவைக்கப்பட்டது. பல அசல்களில் அந்த இணைப்பைச் சுற்றிப் பித்தளை நிறத்தில் உருகி ஓடி உறைந்த ஒரு மெல்லிய கசிவு இருக்கும். சாம்பல் பெயின்ட் உதிர்ந்த இடத்தில் அந்த மஞ்சள் கோடு தெரியும்போது அடுக்குகளின் வரிசையைக் கவனியுங்கள்: அடியில் எஃகு, அதன்மேல் பித்தளைக் கசிவு, எல்லாவற்றுக்கும் மேலே பெயின்ட். பெயின்டுக்கு மேலே பற்றவைத்த அடையாளம் இருந்தால், யாரோ பின்னாளில் தாங்கியை மாற்றியிருக்கிறார்கள். அல்லது முழுப் பொருளுமே பிற்காலத்தது.

வார்ப்பில் செய்த போலிகள் இந்த இடத்திலேயே மாட்டிக்கொள்ளும். உருக்கி ஊற்றிய உலோகத்தின் பரப்பில் ஊசிமுனைக் குழிகளும் காற்றுக் குமிழிகளும் இருக்கும். கழுகின் இறகுக் கோடுகள் கூர்மை இழந்து சோப்பில் செதுக்கியதுபோல் மழுங்கியிருக்கும். பின்புறம் தட்டையாகவோ, அளவுக்கு மீறித் தடித்தோ இருக்கும். அசலை வைத்து அச்செடுத்து வார்த்தால், உலோகம் ஆறும்போது சுருங்குவதால் அளவும் சிறுத்துவிடும். தரைப்படை பக்கிள் ஏறத்தாழ 64 மி.மீ. அகலமும் 48 மி.மீ. உயரமும் கொண்டது, தயாரிப்பாளரைப் பொறுத்து ஓரிரு மி.மீ. மாறும். எனவே வெர்னியர் காலிப்பரால் அளந்து, அதே தயாரிப்பாளரின் உறுதி செய்யப்பட்ட அசலோடு ஒப்பிட வேண்டும். பொதுவான ஒரு சராசரியோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

கூடவே ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். எஃகு என்று சொல்லி விற்கப்படும் பக்கிளில் காந்தம் ஒட்டாவிட்டால், அது பெரும்பாலும் துத்தநாகக் கலவையில் வார்த்து பெயின்ட் அடித்தது. அலுமினிய பக்கிளின் உடலில் காந்தம் ஒட்டாமல் இருப்பது இயல்பு. கையில் எடுத்தால் அதன் எடையின்மை உடனே தெரியும்.

உலோகத்தைப் பற்றிப் பேசும்போது காலத்தையும் சேர்த்துப் பேச வேண்டும். தரைப்படையின் கழுகு பக்கிள் 1936இல் வந்தது. அதற்கு முன்பு, முதல் உலகப் போருக்குப் பிந்தைய வைமார் குடியரசின் ராணுவமான ரைஷ்வேர் காலத்தில், அந்தக் குடியரசின் கழுகு கொண்ட பக்கிள் இருந்தது; அதற்கும் முன்பு பிரஷ்ய மன்னரின் கிரீடம் கொண்டது. ‘கொட் மிட் உன்ஸ்’ என்ற வாசகம் பிரஷ்ய மரபிலிருந்து தொடர்ந்து வந்தது, நாஜிகள் புகுத்தியது இல்லை. முதல் உலகப் போரில் பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பர்க் படைகள் தத்தம் மன்னராட்சியின் வேறு வாசகங்களை அணிந்தன. கிரீடம் இருக்கும் பக்கிளை ‘ஹிட்லர் காலத்தது’ என்று சொல்லி விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

1936க்குப் பிந்தைய ஆரம்ப ஆண்டுகளில் தரைப்படை பக்கிள் அலுமினியத்தில் வந்தது. அதன் வெளிப்பரப்பு பெரும்பாலும் மணல் தூவியதுபோல் பொடிப்பொடியான சொரசொரப்போடு இருக்கும். போர் தொடங்கியதும் அந்த வெள்ளிப் பளபளப்பு களத்தில் ஆபத்து என்று சாம்பல்பச்சை பூசினார்கள். ஆகவே அலுமினியத்தின் மேல் பெயின்ட் இருக்கிறதே என்று பதற வேண்டாம். விமானம் கட்ட அலுமினியம் தேவைப்பட்டதால் 1940, 1941 வாக்கில் பக்கிள் உற்பத்தி எஃகுக்கு மாறியது. எஃகில் பரப்பு பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். போர் முற்ற முற்ற எல்லாமே எளிமைப்படுத்தப்பட்டது; தோல் நாக்கு கைவிடப்பட்டது, முத்திரையே இல்லாத பக்கிள்களும் வந்தன. முத்திரை இல்லை என்பதற்காக மட்டும் போலி என்று ஒதுக்கிவிட முடியாது. எஃகு, தோல் நாக்கு, 1941 என்ற உங்கள் பக்கிளின் சேர்க்கை அந்த மாற்றக் காலத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது. அதே தோல் நாக்கில் 1944 என்று இருந்திருந்தால் நான் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

தோல் நாக்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையை ஏற்றுவது அதுதான். முட்கள் இருக்கும் கம்பியைச் சுற்றி மடித்து, இயந்திரத்தில் தைக்கப்பட்ட சிறு தோல் துண்டு அது. தயாரிப்பாளரின் பெயரும் ஆண்டும் அழுத்த முத்திரையாக அதில் இருக்கும். அழுத்தியபோது தோலின் இழைகள் நசுங்கி உள்ளே போயிருக்கும். எண்பது ஆண்டுகளில் முத்திரையின் ஓரங்கள் தோலோடு சேர்ந்து மென்மையாகியிருக்கும். லேசரில் எரித்த எழுத்து கருகிய கூர்மையோடு தனித்துத் தெரியும். புதிய தோலைத் தேநீர்த் தண்ணீரிலும் எண்ணெயிலும் ஊறவைத்துப் ‘பழையதாக்குபவர்கள்’ உண்டு; அப்படிச் செய்த தோலில் நிறம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். இயல்பாகப் பழுத்த தோல், கம்பியைச் சுற்றி மடியும் இடத்தில் வெடித்தும், பக்கிளின் உடலோடு ஒட்டியிருந்த பக்கத்தில் வேறு நிறத்திலும் இருக்கும். முட்கள் படும் இடத்தில் தோலில் அவற்றின் தடம் பதிந்திருக்க வேண்டும். உலோகத்திலும் அதே கேள்வியைக் கேளுங்கள்: தாங்கியின் உள்வளைவில் பெல்ட் கொக்கி தேய்த்த இடம் பெயின்ட் போய் மின்னுகிறதா? முன்னால் கழுகின் மார்பும் எழுத்துகளின் முகடும் தேய்ந்து பள்ளங்களில் பெயின்ட் மிச்சமிருக்கிறதா? பள்ளமும் மேடும் ஒரே அளவில் ‘தேய்ந்திருந்தால்’ அது இடுப்பில் தேய்ந்தது இல்லை, உப்புத்தாளில் தேய்ந்தது.

தைத்த நூலைப் புற ஊதா விளக்கின் கீழ் பாருங்கள். போருக்குப் பிறகு பரவலான வெண்மையூட்டும் வேதிப்பொருள்கள் கலந்த நூலும் செயற்கை இழைகளும் அந்த ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். சில புதிய பெயின்ட்களும் அப்படியே. ஆனால் ஒளிராமல் இருப்பது அசல் என்பதற்குச் சான்று ஆகாது. பழைய நூல் இன்றும் கிடைக்கிறது. மறுபக்கம், யாராவது சோப்புத்தூள் போட்டுக் கழுவிய அசல் தோலும் கொஞ்சம் ஒளிரக்கூடும். இந்தச் சோதனை சந்தேகத்தைக் கிளப்பப் பயன்படும், சந்தேகத்தைத் தீர்க்காது.

முத்திரைகளில் அடிக்கடி காணும் பெயர்களில் பெரும்பாலானவை லூடன்ஷைட் என்ற ஒரே ஊரைச் சேர்ந்தவை. மேற்கு ஜெர்மனியின் அந்த மலைநகரம் பொத்தான், பதக்கம், பக்கிள் போன்ற சிறு உலோகப் பொருள்களுக்குப் பேர்போனது. அஸ்மான், ஓவர்ஹாஃப், பெர்க் உண்ட் நொல்ட்டெ, ரிச்சர்ட் சீப்பர் ஆகிய நிறுவனங்கள் அங்கே இருந்தன. அருகிலுள்ள மெண்டனில் டிரான்ஸ்ஃபெல்ட், சாக்சனியில் குஸ்டாவ் பிரேமர், டிரெஸ்டனில் அவுரிஹ் என்று மற்ற ஊர்களிலும் தயாரிப்பாளர்கள் இருந்தார்கள். ஒவ்வொருவரின் அச்சும் தனி. ஒருவரின் கழுகில் இறகு வரிசைகள் நெருங்கியிருக்கும். இன்னொருவரிடம் ஓக் இலையின் நரம்புகள் ஆழமாக இருக்கும். வாசகத்தில் வரும் ‘N’ எழுத்தின் சாய்கோடு மாறும். தாங்கியின் வடிவமும் பற்றவைத்த முறையும்கூட நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே பெயரைப் படித்தவுடன் திருப்தி அடையாதீர்கள். அந்தப் பெயருக்கு அந்தக் கழுகும் அந்தத் தாங்கியும் உரியவைதானா என்று பாருங்கள். ஒரு நிறுவனத்தின் உடலில் இன்னொரு நிறுவனத்தின் தோல் நாக்கைப் பொருத்தி விற்பது இந்த வியாபாரத்தில் சகஜம். இரண்டு துண்டும் அசல். சேர்க்கை மட்டும் பொய்.

இதே பொருத்தக் கேள்வி மற்ற படைகளுக்கும் உதவும். ‘ஆர்.இசட்.எம்.’ என்ற முத்திரை நாஜிக் கட்சியின் கொள்முதல், தரக்கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு உரியது. ஹிட்லர் இளைஞர் படை, எஸ்.எஸ். போன்ற கட்சி அமைப்புகளின் பொருள்களில்தான் வரும். தரைப்படையின் ‘கொட் மிட் உன்ஸ்’ பக்கிளில் அந்த முத்திரை இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். விமானப்படை பக்கிளில் வாசகமே கிடையாது. இலைவளையத்துக்கு நடுவே பறக்கும் கழுகு மட்டும். அதன் முதல் வடிவத்தில் கழுகின் வால் கீழ்நோக்கித் தொங்கும். போருக்கு முந்தைய அந்த வடிவம் அலுமினியக் காலத்தைச் சேர்ந்தது. அதை எஃகில் கண்டால் சந்தேகப்பட வேண்டும். கடற்படை பக்கிள், தரைப்படையின் அதே வடிவம் பொன் நிறத்தில். தரைப்படை பக்கிளுக்குத் தங்க பெயின்ட் அடித்துக் கூடுதல் விலைக்கு விற்பது எளிது என்பதால், உதிர்ந்த இடத்தில் பொன் நிறத்துக்கு அடியில் சாம்பல்பச்சை தெரிகிறதா என்று பாருங்கள்.

எஸ்.எஸ். பக்கிளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் எல்லோரும் ஒருநாள் அங்கே இழுக்கப்படுவதால் சொல்லிவிடுகிறேன். ஜெர்மன் பக்கிள்களில் மிக அதிகமாகப் போலி செய்யப்படுவது அதுதான். வதை முகாம்களின் காவலர்கள் அணிந்த பக்கிள் அது. அந்தக் கொடூரத்தின் மீதான ஈர்ப்பே அதன் விலையை ஏற்றி வைத்திருக்கிறது. பல ஆண்டுகள் பழகியவர்களே அதில் கருத்து வேறுபடுகிறார்கள். புதிதாகத் தொடங்குபவர் அதைத் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து, பணத்துக்காகவும் சரி, மனத்துக்காகவும் சரி.

சாதாரண தரைப்படை பக்கிளுக்கு ஒரு நல்ல செய்தி உண்டு. அது அரிய பொருள் இல்லை. போர்க்காலத்தில் ஜெர்மன் ஆயுதப் படைகளில் 1 கோடியே 70 லட்சம் பேருக்கு மேல் பணியாற்றினார்கள், பெரும்பான்மையினர் தரைப்படையில். போர் முடிந்தபோது நேச நாட்டுச் சிப்பாய்கள் நினைவுப் பொருளாகப் பையில் போட்டுக்கொண்டு போக மிகவும் வசதியாக இருந்தது பக்கிள்தான். எனவே ‘இன்றே வாங்காவிட்டால் போய்விடும்’ என்று யாராவது அவசரப்படுத்தினால் மசியாதீர்கள்.

வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மானியரை எதிர்த்து நின்ற படைகளில் 4வது இந்திய டிவிஷனும் இருந்தது. அதில் தென்னிந்தியர்கள் பணியாற்றிய ராணுவப் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸும் இருந்தது. ஆகவே ‘தாத்தா இத்தாலியிலிருந்து கொண்டுவந்தது’ என்ற பேச்சு நம் ஊரில் உண்மையாகவே இருக்கலாம். அந்தத் தாத்தாவின் பணிப் பதிவேடு, பதக்கம், புகைப்படம் ஏதாவது கூடவே இருந்தால் மதிப்புக் கொடுங்கள். வெறும் வாய்ப்பேச்சுக்குக் காசு கொடுக்காதீர்கள். இந்திய வாங்குபவர்களிடம் நேதாஜியின் பெயரைச் சொல்லி இன்னொரு தூண்டிலும் போடப்படுகிறது. ஜெர்மனியில் உருவான சுதந்திர இந்தியப் படைப்பிரிவு (இந்திய லீஜியன்), 950வது காலாட்படை ரெஜிமென்ட், ஜெர்மன் தரைப்படையின் சீருடையையே அணிந்தது. அவர்களின் தனி அடையாளம் சட்டைக் கையில் தைத்த, பாயும் புலி கொண்ட கேடயச் சின்னம். இடுப்பில் இருந்தது எல்லோரும் அணிந்த அதே பக்கிள். ‘புலி பொறித்த இந்திய லீஜியன் பக்கிள்’ என்று யாராவது நீட்டினால் விலைகூடக் கேட்க வேண்டாம்.

போலிகள் எல்லாமே ஏமாற்றும் நோக்கத்தில் பிறந்தவை இல்லை. படப்பிடிப்புக்கும் பழைய போர்களை நடித்துக் காட்டும் குழுக்களுக்கும் வெளிப்படையாகவே நகல்கள் செய்யப்படுகின்றன. அவற்றில் சில நல்ல அழுத்த அச்சில் செய்தவை. இரண்டு கை மாறி, அமிலத்தில் நனைந்து, மண்ணில் புதைந்து எழுந்தால் ‘கிழக்குப் போர்முனையில் தோண்டி எடுத்தது’ ஆகிவிடும். அப்படி உண்மையாகவே தோண்டி எடுக்கப்படுபவையும் உண்டு என்பதால்தான் இந்தப் பொய் எடுபடுகிறது. பல பத்தாண்டுகள் மண்ணில் கிடந்த எஃகின் துரு கரும்பழுப்பாக, அடுக்கடுக்காக, உலோகத்தைக் குழிபறித்து உட்கார்ந்திருக்கும். அமிலத்தில் வந்த துரு ஆரஞ்சு நிறத்தில் தூளாக விரலில் ஒட்டும்.

வாங்கிய பிறகு தயவுசெய்து பளபளப்பாக்காதீர்கள். பித்தளைக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கத்தில் பக்கிளையும் தேய்த்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். பெயின்ட், பித்தளைக் கசிவு, தேய்மானம் என்று மேலே சொன்ன சான்றுகள் முழுவதும் அந்த மேற்பரப்பில்தான் இருக்கின்றன. மென்மையான தூரிகையால் தூசி தட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் வைத்தால் போதும். கடற்கரை ஊர்களில் இது இன்னும் அவசியம். ஜெர்மனியிலிருந்து தபாலில் வரவழைப்பதாக இருந்தால் இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: ஸ்வஸ்திகாவைப் பொதுவெளியில் காட்டுவதும் பரப்புவதும் அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 86அ பிரிவில் தண்டனைக்குரியது. வரலாற்று ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அதனால்தான் அங்குள்ள விற்பனைப் படங்களில் அந்த இடம் மறைக்கப்பட்டிருக்கும். அது திருட்டுத்தனம் இல்லை, சட்டத்துக்குக் கட்டுப்பட்ட நடத்தை.

உங்கள் பக்கிளுக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய விவரங்களில் தவறான சேர்க்கை எதுவும் இல்லை. மங்கலான படத்தில் பின்புறக் குழிவும் இருப்பதுபோல் தெரிகிறது. இதை வைத்து அசல் என்று சொல்ல முடியாது, மேலே விசாரிக்கத் தகுந்தது என்று சொல்லலாம். விற்பவரிடம் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுத்த படங்களைக் கேளுங்கள்: பின்புறம் முழுவதும் நேர்ப்பார்வையில், தாங்கி உடலோடு சேரும் இடம் நெருக்கத்தில், தோல் நாக்கின் முத்திரையும் தையலும், முட்கள் இருக்கும் கம்பி தூக்கிய நிலையில், பக்கவாட்டில் காந்தம் ஒட்டிய நிலையில். முத்திரையில் உள்ள தயாரிப்பாளர் பெயரைப் படித்த பிறகு, அதே பெயரில் அருங்காட்சியகத்திலோ நம்பகமான பழைய சேகரிப்பிலோ உள்ள பக்கிளின் படத்தைப் பக்கத்தில் வைத்துக் கழுகையும் தாங்கியையும் ஒப்பிடுங்கள். போலி என்று தெரிந்தால் முழுப் பணமும் திரும்பத் தருவேன் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்கெல்லாம் முகம் சுளிக்க மாட்டார்; பின்பக்கத்தைக் காட்டத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.